டாக்டருக்குச் சாராயம், நர்ஸம்மாவுக்குக் காப்பி

ஹலோ... ஹலோ, டோப்ரிலாவா?... ஆமா, நான்தான். உன் புருஷன் ராடோயே... இல்ல, இன்னும் ஆபரேஷன் ஆகல. நீ உடனே வண்டிய எடுத்துக்கிட்டு வா, நான் வீட்டுக்கு வரேன்...

கத்தாதடி, பக்கத்துக் கட்டில்ல ஆள் தூங்குறாரு... இடுப்பு வலிக்கத்தான் செய்யுது. அதுக்காக மானத்தை விட்டுட்டு இங்க கெடக்கவா?

...சொல்றேன், சொல்ல விடு. காலையில ரெண்டு பேரு வந்தாங்க. ஒருத்தன் தாடியும் மீசையுமா, வாட்டசாட்டமா. கூட ஒரு பொம்பள, குட்டையா, கண்ணாடி போட்டுக்கிட்டு. நானும் பவ்யமா நம்ம வீட்டு பிளம் சாராயத்தை அவன்கிட்ட நீட்டினேன். காப்பிப் பொட்டலத்தை அந்தம்மாகிட்ட... ஆமா ஆமா, டாக்டருக்குச் சாராயம், நர்ஸம்மாவுக்குக் காப்பி, நம்ம பக்கம் அதுதானே வழக்கம்? அதோட விட்டேனா? "அம்மாடி, டாக்டருக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா"ன்னும் சொல்லித் தொலைச்சேன்...

...அதேதான். அந்தம்மாதான் எனக்கு ஆபரேஷன் பண்ணப் போற டாக்டர் லூகிச். தாடிக்காரன் ஊசி போட வந்த நர்ஸு... சிரி, நல்லா சிரி. அடுப்புல ஏதாவது தீயப் போகுது.

...இங்க ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்த அந்த மிலிசாவ் பய பேச்சை எடுக்காத! "லூகிச் போட்டுக் குடுத்த இடுப்பு"ன்னு ஊர்க் கல்யாணத்துல எல்லாம் ஆடிக் காட்டுறானே, லூகிச் ஒரு பொம்பளன்னு ஒரு நாளாவது வாயத் தொறந்தானா? திருட்டுப் பய... என்னது, உனக்கும் தெரியுமா? ஏன்டி எங்கிட்ட சொல்லல?... அது சரி. சொல்லியிருந்தா வந்திருக்க மாட்டேன்தான்.

...இப்ப நம்ம பொண்ணு நெவெனாவ ஏன் இதுல இழுக்குற? படிச்சு டாக்டராயிட்ட, குழந்தைங்களைப் பார்த்துக்கிட்டு இரு, கத்தி கித்தியெல்லாம் ஆம்பளைங்க வேலைன்னேன். அதுக்கு ஈஸ்டர்லேர்ந்து எங்கிட்ட பேச்சில்ல... தெரியும், தெரியும், மேல்படிப்புக்கு எந்தப் பிரிவுன்னு இன்னிக்கு எழுதிக் குடுக்கணும்...

இரு, யாரோ வராங்க. ஐயோ, அவங்களேதான்!... வாங்க டாக்டரம்மா. உக்காருங்க... வீட்டுலதாங்க பேசிக்கிட்டிருக்கேன்... பயமா, எனக்கா?... கொஞ்சம் பயம்தாங்க... காப்பியா? எனக்கா? ஓ, இப்ப கிடையாதா?... முடிஞ்சதும் நீங்களே போட்டுத் தரீங்களா! என் மானத்தை வாங்காதீங்கம்மா.

டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? நீங்க இந்த வேலைக்குப் போறேன்னப்ப உங்கப்பா என்ன சொன்னாரு?... அட, என்னை மாதிரியேதானா?... பேச்சே இல்லாம போச்சா... அவரே வருவாருன்னு நீங்களும் இருந்துட்டீங்களா... ம்... அடடா. பேசாமலேயே போய்ச் சேர்ந்துட்டாரா?

...குடுங்கம்மா அந்த ஆபரேஷன் பேப்பரை. எங்க கையெழுத்துப் போடணும்?

ஹலோ, டோப்ரிலா, இருக்கியா?... வண்டியெல்லாம் வேண்டாம். நெவெனா எங்க?... பேசலேன்னா பரவால்ல, போனை அவ காதுல வை...

நெவெனா... அப்பாதான்மா... ஒண்ணும் சொல்ல வேண்டாம், கேட்டா போதும். நீ பொறந்தப்ப காய்ச்சி, உன் கல்யாணத்துக்குன்னு நிலவறையில வச்ச சாராய பாட்டில் இருக்குல்ல?... இனிமே அது கல்யாணத்துக்கு இல்ல. நீ முதமுதல்ல ஒரு ஆளை அறுத்துத் தைக்கிறியே, அன்னிக்குத் திறப்போம்... நிஜமாத்தான் சொல்றேன். போய் எழுதிக் குடு... அழாதடி கண்ணு, எனக்கும் வருது...

வந்துட்டேன்ப்பா, தாடி! அந்தச் சாராயத்தை டாக்டரம்மாகிட்ட குடுத்தியா, இல்லையா?... என்னது, ஆளுக்குப் பாதியா? சரிதான் போ!

வச்சிடுறேன்மா. டாக்டரம்மாவைக் காக்க வைக்கக் கூடாது.