ஜைனுதீன் ஏன் திருப்பிச் சொன்னான்

பேசுகிறவனுக்கு அச்சத்தையும் கேட்கிறவர்களுக்கு ஆறுதலையும் ஒருங்கே தந்து இந்த அவைக்குத் தலைமை தாங்கும் அலுவிகாரைப் பெரியவர், என் மதிப்புக்குரிய பலீல் ஹாஜியார் அவர்களே. இன்று காலை கிறிஸ்தோபருக்காக முப்பதாம் நாள் பூசை நிறைவேற்றிய களைப்போடும் கவலையோடும் வந்திருக்கும் பங்குச் சுவாமி அவர்களே. என் வலப்பக்கம் அமர்ந்திருக்கும் கல்குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் கொந்தராத்து முதலாளி அவர்களே. நாவுலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விடுமே என்று தெரிந்தும் கலையாமல் நிற்கும், வயல் செய்யும் கமக்காரப் பெரியோர்களே. கல் சுமந்து காய்த்த தலையோடும் கனத்துப்போன நெஞ்சோடும் வந்திருக்கும் தாய்மார்களே. முன்வரிசையில் மூன்று பிள்ளைகளை அணைத்தபடி அமர்ந்திருக்கும் என் சகோதரி, கிறிஸ்தோபரின் மனைவி மரியாயி அக்கா அவர்களே. உங்கள் எல்லாருக்கும் இந்த நோபர்ட்டின் வணக்கம், ஸலாம், தோத்திரம்.

என்னைத் திருகோணமலை வீதியில் கராஜ் வைத்திருப்பவனாக அறிவீர்கள். கோயில் திருநாளில் மேடையேறி வாயடிப்பவனாகவும் அறிவீர்கள். பின்னால் ஒரு தம்பி, "பேசுங்க நோபர்ட் அண்ணே, சிரிச்சு எத்தன நாளாச்சு" என்கிறார். தம்பி, இன்று சிரிப்பு வராது. வந்தாலும் அதன் பின்னால் ஓர் அழுகை வரும். பொறுத்துக் கேளுங்கள்.

நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. நம் நாலந்தாவுக்கு அப்பாலுள்ள அந்தக் கல்குவாரியில் நாளை காலை மறுபடியும் வெடி வைக்கப் போகிறார்கள். குழி துளைத்தாயிற்று. வெடிமருந்து வந்தாயிற்று. திரியைப் பற்ற வை என்று சொல்லப்போகும் வாய் எது? ஒதுங்கு என்று சொல்லப்போகும் குரல் எது? என் நண்பன் ஜைனுதீனின் குரலாக இருக்கட்டும் என்று தொழிலாளர்கள் கேட்கிறார்கள். கடற்படையில் படகு ஓட்டியவனுக்குக் கல்லில் என்ன வேலை என்று முதலாளி கேட்கிறார். கேட்பது நியாயம். நியாயமான கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்லத்தான் என்னை இந்த மேடையில் ஏற்றியிருக்கிறார்கள்.

நாடு சுதந்திரம் பெற்று, நமக்கென்று ஒரு கடற்படை வந்தபோது, மாத்தளையிலிருந்து திருகோணமலைக்குப் பஸ் ஏறியவர்களில் நாங்கள் இருவர். மலையில் பிறந்து, மிளகுக் கொடிக்கும் கொக்கோ மரத்துக்கும் இடையே வளர்ந்து, கடலைப் படத்தில் மட்டும் பார்த்தவர்கள். போன முதல் வாரம் முழுக்க வாந்தி எடுத்தோம். அந்த வாந்தியிலிருந்து வளர்ந்து வளர்ந்து, ஜைனுதீன் ஒரு படகின் சுக்கானைப் பிடிக்கும் நிலைக்கு வந்தான். அந்தப் பதவிக்காரனைக் கொக்ஸன் என்பார்கள். படகுக்குள் அவன் சொல்தான் சொல். நான் முன்பக்கம் கயிறு பிடித்தேன். நடுவில் ஒருவர் இயந்திரம் பார்த்தார்.

அந்தப் படகில் ஒரு வழக்கம். கொக்ஸன் என்ன சொன்னாலும், கேட்டவன் அதை அப்படியே உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். "முன் கயிற்றை விடு" என்று அவன் சொன்னால், "முன் கயிற்றை விடு" என்று நான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும். ஏன்? அலை இரையும்; இயந்திரம் இரையும்; காற்று வந்து வாயிலிருக்கும் வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டு போகும். சொன்னவன் சொன்னான் என்பதால் கேட்டவன் கேட்டான் என்று ஆகிவிடுமா? ஆகாது. திரும்பி வரும் குரல்தான் சாட்சி. குரல் திரும்பி வராவிட்டால் அங்கே ஏதோ பிழை இருக்கிறது.

இதோ, இந்த வலக்கையைப் பாருங்கள். கிட்ட இருக்கிற தாய்மார்களுக்குத் தழும்பு தெரியும். காற்று கொந்தளித்த ஒரு மத்தியானம். கப்பலில் நோயாகக் கிடந்த ஒரு மாலுமியைப் படகில் இறக்கிக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். இறக்கியாயிற்று. ஜைனுதீன் சொன்னான், "முன் கயிற்றை விடு." நான் பதில் சொல்லவில்லை. கயிற்றுக்கும் இரும்புக் கட்டைக்கும் நடுவே என் கை மாட்டிக்கொண்டது. வலியில் வாய் வரவில்லை. மேலே கப்பலிலிருந்து அதிகாரி கத்துகிறார், "போ, போ, ஏன் நிற்கிறாய்?" நோயாளி முனகுகிறார். இயந்திரக்காரர் கொக்ஸனின் முகத்தைப் பார்க்கிறார். ஜைனுதீன் அசையவில்லை. அவன் பார்வை முன்பக்கமே இருந்தது. பதில் வரவில்லையே, ஏன் வரவில்லை என்று அவன் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பில் நான் கையை உருவிக்கொண்டேன். அவன் அதிகாரிக்குப் பயந்து படகை விட்டிருந்தால், இன்று இந்த மைக்கை நான் இடது கையால்தான் பிடித்திருப்பேன்.

படையில் எங்கள் சேவைக்காலம் முடிந்தது. ஊர் திரும்பினோம். படையிலிருந்து வந்தவனை ஊர் எப்படி வரவேற்றது தெரியுமா? "கடல்ல படகு ஓட்டினியா? மாத்தளையில கடல் எங்க இருக்கு?" இந்த ஒரு கேள்வி. வேலை கேட்டுப்போன வாசலெல்லாம் இந்த ஒரு கேள்வி. அவன் கற்றது தண்ணீரை மட்டுமா? இரைச்சலுக்கு நடுவே மனிதர்களை ஒரே உடலாக இயங்கவைப்பதைக் கற்றான். ஆபத்துக்கு முன்னால் அவசரப்படாமல் இருப்பதைக் கற்றான். அதற்குக் கடல் வேண்டுமா? மனிதன் இருக்கும் இடமெல்லாம் அது வேண்டும்.

ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. அதன் பெயர் வேண்டாம், எல்லாரும் நம் ஆட்கள். முதல் நாளே பெரியவர் ஒருவர், "ஜைனுதீன், அந்தக் கதவச் சாத்து" என்றிருக்கிறார். இவன் நிமிர்ந்து நின்று, உரத்த குரலில், "அந்தக் கதவச் சாத்து, சேர்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் சாத்தியிருக்கிறான். சிரியுங்கள், சிரியுங்கள், நானும் சிரித்தேன். அந்தப் பெரியவர் சிரிக்கவில்லை. "என்னையே பழிப்புக் காட்டுறியா?" என்றார். அந்த வாரத்தோடு வேலை போயிற்று. அடுத்து ஓர் அரிசி ஆலை. அங்கேயும் அதே கதை. "நக்கல் பிடிச்ச பயல்" என்று பெயர் கிடைத்தது.

அவன் மனைவி நூருன்னிஸா ஒரு நாள், அண்ணன் முறையான என்னைத் தேடிக் கராஜுக்கே வந்துவிட்டார். "நோபர்ட் நானா, நீங்களாவது அவருக்குச் சொல்லுங்க. வீட்லயும் இதே கூத்துதான். உப்பு வாங்கிட்டு வாங்கன்னா, உப்பு வாங்கிட்டு வாறேன்னு சத்தமாச் சொல்லிட்டுத்தான் படி எறங்குவாரு. அக்கம்பக்கமெல்லாம் சிரிக்குது" என்றார். நான் கேட்டேன், "தங்கச்சி, என்னைக்காவது உப்புக்குப் பதிலா சீனி வந்திருக்கா?" "இல்ல நானா, அது மட்டும் வந்ததில்ல" என்றார்.

பிறகுதான் கல்குவாரி. மாடசாமி அண்ணன் அங்கே மேற்பார்வை. நல்ல மனிதர், கல்லின் நெற்றியில் தட்டினால் எங்கே பிளக்கும் என்று அறிந்தவர். அவரிடமும் இவன் திருப்பித் திருப்பிச் சொன்னான். பக்கத்தில் வேலை செய்கிறவர்களையும் சொல்லச் சொன்னான். மாடசாமி அண்ணனுக்கு அது எதிர்ப்பேச்சாகப் பட்டது. நம் ஊரில் பெரியவர் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பதுதானே மரியாதை? மூன்றாம் முறை வேலை போயிற்று. அவன் போய் இரண்டு மாதம் கழித்துத்தான் அந்தக் காலை வந்தது.

மரியாயி அக்கா, இதைச் சொல்லவா? ... சொல்லச் சொல்கிறார். சொல்கிறேன்.

இரண்டு குழிகளுக்குத் திரி வைத்தார்கள். ஒன்று வெடித்தது. மற்றது வெடிக்கவில்லை. மாடசாமி அண்ணன் மேட்டில் நின்று, "இன்னும் ஒண்ணு இருக்கு, யாரும் வராதீங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். சத்தியமாகக் கத்தினார். கீழே கல்லரைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. பாறைக்குப் பின்னால் நின்ற கிறிஸ்தோபரின் காதில் முதல் வெடியின் இரைச்சல் இன்னும் அடங்கவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. பதில் சொல்வது அங்கே வழக்கமில்லை. மேட்டில் இருந்தவர் அந்த மௌனத்தைக் கீழ்ப்படிவு என்று நினைத்தார். கிறிஸ்தோபர் அந்த மௌனத்தால் வெடி முடிந்துவிட்டது என்று நினைத்தான். கல் நெம்பும் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தான். வந்தான். மற்றக் குழி வெடித்தது. அவ்வளவுதான்.

யாரைக் குற்றம் சொல்வது? கத்தியவரையா? கேளாதவனையா? மாடசாமி அண்ணன் அதோ கடைசி வரிசையில், தலையைக் குனிந்தபடி இருக்கிறார். அண்ணே, நிமிருங்கள். உங்களைத் தண்டிக்க இந்தக் கூட்டம் கூடவில்லை. வாய் திறந்தால் மரியாதைக் குறைவு என்று நம்மை வளர்த்த வழக்கத்தைத்தான் இங்கே நிறுத்தி வைத்து விசாரிக்கிறேன்.

பலீல் ஹாஜியார் அவர்களே, உங்கள் சாப்பாட்டுக் கடையில் என்ன நடக்கிறது? மேசைப் பக்கம் நிற்கும் தம்பி, "ரெண்டு ப்ளேன்டி, ஒண்ணு சீனி கம்மி" என்று கூவுகிறார். உள்ளே தேநீர் ஊற்றும் றஹீம் காக்கா என்ன செய்கிறார்? "ரெண்டு ப்ளேன்டி, ஒண்ணு சீனி கம்மி" என்று திருப்பிக் கூவுகிறார். எதற்காக? சீனி கூடிவிடக்கூடாதே என்பதற்காக. நீங்கள் றஹீம் காக்காவை நக்கல்காரன் என்று துரத்தினீர்களா? ஹாஜியார் சிரிக்கிறார். பெரியோர்களே, தாய்மார்களே, ஒரு கோப்பைத் தேநீருக்குக் கொடுக்கிற கவனத்தை ஒரு மனித உயிருக்குக் கொடுக்கக் கூடாதா? சீனிக்கு உள்ள மதிப்பு சீவனுக்கு இல்லையா? கேட்டுவிட்டேன் என்று சொல்வதா குற்றம்? கேட்காமலே செத்துப்போவதா மரியாதை?

எனக்கு ஜைனுதீன்மீதும் கோபம் உண்டு. அதோ தூணோரம் நிற்கிறான், நன்றாகக் கேட்கட்டும். மூன்று இடத்தில் வேலை போயிற்றே, எந்த இடத்திலாவது ஏன் திருப்பிச் சொல்கிறாய் என்று யாருக்காவது விளக்கினாயா? "கேட்டா சொல்லுவேன், கேக்காம நான் ஏன் சொல்லணும்?" என்றான் என்னிடம். கடற்படையில் அந்த வழக்கத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. எல்லாருக்கும் ஒரே பயிற்சி. ஊரில் அப்படியா? நான் என் கராஜில் வேலைக்கு வந்தவர்களை முதல் நாளே உட்காரவைத்து, இந்தக் கையைக் காட்டி, கதையைச் சொல்லி, "கார் ஜாக்கில நிக்கும்போது நான் சொன்னதத் திருப்பிச் சொல்லாம யாரும் கீழ போகாதீங்க" என்றேன். ஒருவரும் நக்கல் என்று நினைக்கவில்லை. கடலில் கற்றதை ஊருக்குக் கொண்டுவருகிறவன், அதை ஊரின் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். அந்தப் பாதி வேலையை நீ செய்யவில்லை, ஜைனுதீன். இனி செய்வாயா?

"செய்வேன் நோபர்ட்" என்கிறான். எல்லாருக்கும் கேட்டதா? நல்லது.

இனி முதலாளி அவர்களே. ஜைனுதீனைக் கூலியாளாகத் திரும்ப எடுத்துக்கொள்வதாகச் சொன்னீர்களாம். பெருந்தன்மைக்கு நன்றி. கூலியாளாக அவன் வந்து என்ன பயன்? மேட்டில் நின்று கட்டளையிடும் இடத்தில் அவன் நிற்க வேண்டும். கல்லைப் பிளப்பதை மாடசாமி அண்ணன் பார்க்கட்டும். ஆளைக் காப்பதை ஜைனுதீன் பார்க்கட்டும். ஒவ்வொரு ஆளின் குரலும் திரும்பி வந்த பிறகுதான் திரி பற்ற வேண்டும். ஒரு குரல் வராவிட்டால் நீங்களே வந்து "போ, போ" என்று கத்தினாலும் அவன் அசையமாட்டான். அதற்குச் சம்மதமா? நாளைக் காலை அந்தக் குழிகளுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர்களின் மனைவிமார் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் கேட்கிறேன்.

முதலாளி தலையை ஆட்டுகிறார். கை தட்டாதீர்கள், பொறுங்கள். தலை ஆடியதை முன்வரிசை பார்த்தது. பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. முதலாளி, கோபிக்காதீர்கள். எழுந்து வாருங்கள். இந்த மைக்கில் உங்கள் வாயால் சொல்லுங்கள்.

கேட்டீர்களா சபையோரே? "நாளையிலருந்து வெடிக்கு ஜைனுதீன் சொல்றதுதான். அவன் சரின்னு சொல்லாம திரி பத்த வைக்கப்படாது." முதலாளி சொன்ன சொல் இது.

மரியாயி அக்கா எழுந்து நிற்கிறார். அக்கா, உட்காருங்கள் ... இல்லை, அவர் ஏதோ சொல்கிறார். சத்தம் போடாதீர்கள், அவர் குரல் சின்னது. "ஜைனுதீன் தம்பி சரின்னு சொல்லாம திரி பத்த வைக்கப்படாது." முதலாளி சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார். அன்று அந்தக் குவாரியில் யாரும் கொடுக்காத பதிலை, இன்று அவர் கொடுக்கிறார்.

இத்தோடு முடிக்கிறேன். தலைவருக்கும், பங்குச் சுவாமிக்கும், சொல் கொடுத்த முதலாளிக்கும், பஸ்ஸை விட்டுவிட்டு நின்ற நாவுலைப் பெரியோர்களுக்கும் நன்றி. நாளை வெயில் தாழும்போது உங்கள் வீட்டு ஆண்கள் எல்லாரும் தம் காலால் நடந்து வாசல் வந்து சேரட்டும், தாய்மார்களே. வணக்கம், ஸலாம், தோத்திரம்.