மட்டையை எறிந்துவிட்டு ஓடுகிறார்கள்

“அடிச்சவுடனை மட்டையை எறிஞ்சுபோட்டு ஓடுறாங்கள் அக்கா. கிரிக்கெட்டிலை மட்டையோடையெல்லோ ஓடுறது!”

இத்தாலியின் பலெர்மோ நகரப் பேருந்தில், பொலிதேயாமா நிறுத்தத்தில் ஏறி எனக்கு முன்னால் அமர்ந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னாள். இருவரும் லிபெர்த்தா வீதியில் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள். இளையவள், தான் பராமரிக்கும் வயதான இத்தாலிய முதலாளியம்மாவான சிஞ்ஞோராவோடு ஜப்பானுக்குப் போய், பேஸ்பால் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

“சனம் கத்தினதோ?”

“தங்கடை ஆக்கள் அடிக்கேக்கை மட்டும் எழும்பிப் பாடுவினம். நான் தெரியாமல் மற்றப் பக்கத்தான் அடிச்சதுக்குக் கை தட்டிப்போட்டன்.”

“ஏசினவையோ?”

“இல்லை. பக்கத்திலை இருந்த மனிசி சிரிச்சுப்போட்டு எனக்கொரு மிட்டாய் தந்தா.”

நான் இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோனது. எழுந்திருக்க மனம் வரவில்லை.

“முடிஞ்சாப் பிறகு எல்லாரும் தங்கடை குப்பையைத் தாங்களே பொறுக்கிப் பையிலை போட்டினம். நான் வழக்கம்போலச் சிஞ்ஞோராவின்ரை கப்பை எடுக்கப் போனன். அவ சுத்திவரப் பார்த்திட்டு என்ரை கையைப் பிடிச்சா. முழங்கால் நோவோடை தானே குனிஞ்சு எடுத்தா அக்கா. பன்னிரண்டு வருசத்திலை முதல் தரம்.”

“இஞ்சை வந்தாப் பிறகு?”

“நேற்றுக் கோப்பிக் கோப்பையை மேசையிலை விட்டிட்டு எழும்பினா. வாசலடியிலை நிண்டு, களவு பிடிபட்ட பிள்ளை மாதிரித் திரும்பிப் பார்த்தா. இது பலெர்மோ சிஞ்ஞோரா, நீங்கள் போங்கோ எண்டன்.”