இரவல் நாக்கு

உங்கள் ஸ்டேஷன் டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை ஐயா, குடித்துவிடுகிறேன். நாக்கை வைத்துப் பிழைத்தவள் நான். எதை வாயில் வைத்தாலும் முதலில் அதுதான் பேசும்.

எங்கள் கம்பெனியில் மருந்தைக் கண்டுபிடிப்பவர்கள் வேறு. அதை மனிதன் விழுங்கும்படி செய்து கொடுப்பது எங்கள் வேலை. மாத்திரையா, தூளா, வயிற்றில் எப்போது கரைய வேண்டும், இதெல்லாம். வலிப்புக்கு ஒரு மருந்து இருக்கிறது. நல்ல மருந்துதான், ஆனால் குழந்தைகள் துப்பிவிடும். அப்படி ஒரு கசப்பு. அதைக் குழந்தைகள் குடிக்கிற மாதிரி ஆக்கச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். வருஷக்கணக்கில் தலைகீழாக நின்று பார்த்தேன். சர்க்கரையைக் கொட்டினேன், பழ வாசனை சேர்த்தேன். இனிப்பு வந்த வேகத்தில் போய்விடும். கசப்பு பின்னாலேயே வந்து, வேண்டாத விருந்தாளி மாதிரி கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும்.

பிறகு அந்த வேலையை அவளுக்கு மாற்றினார்கள்.

லேபில் அவளுக்குக் கைராசி என்று பெயர். தொட்டது துலங்கும் என்பார்கள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். மதியச் சாப்பாடு ஒன்றாகத்தான். நல்ல புருஷன். சிட்டு என்று ஒரு பெண். சிட்டுவுக்கு நான் பெரியம்மா. எனக்கு வீட்டில் யாரும் இல்லை. ஆனால் பொறாமை என்று மட்டும் எழுதிக்கொள்ள வேண்டாம், அவள் மேல் எனக்குப் பாசம் உண்டு.

சிட்டுவுக்கும் அதே வலிப்புதான். மருந்து கொடுக்க அப்பா கையைப் பிடிக்க வேண்டும், அம்மா மூக்கைப் பிடிக்க வேண்டும். அப்படியும் பாதி சட்டையில்தான் போகும். அதனால் கைராசிக்கு இது வெறும் ஆபீஸ் வேலை இல்லை.

அவளிடம் ஒரு ரகசியம் இருந்தது. ஒரு காய்ச்சலுக்குப் பிறகு அவளுக்கு ருசியே போய்விட்டது. வெளியே தெரிந்தால் வேலையை வேறு யாருக்காவது மாற்றிவிடுவார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள்.

"இனிமே நீதான்க்கா என் நாக்கு. நீ என்ன சொல்றியோ அதான்."

"சும்மாவா? வாடகை எடுத்து வைடி," என்றேன். இருவரும் சிரித்தோம்.

அவள் வழி வேறு. மருந்தைக் கடுகைவிடச் சின்னக் குருணையாக்கி, ஒவ்வொன்றுக்கும் மேலே பூச்சு கொடுத்தாள். வாயில் இருக்கும்வரை பூச்சு தாங்க வேண்டும், வயிற்றுக்குள் போனதும் திறந்துவிட வேண்டும். மெலிந்தால் கசப்பு கசியும். தடித்தால் மருந்து வெளியே வராமல், போன மாதிரியே உடம்பை விட்டுப் போய்விடும். இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடம்தான்.

முதல் ஸ்பூனை நாக்கில் வைத்துக் காத்திருந்தேன். கசப்பு வரவில்லை. வரவே இல்லை. எனக்கு வருஷக்கணக்கில் பிடிபடாதது அவளுக்கு எடுத்த எடுப்பிலேயே வந்துவிட்டது.

"என்னக்கா, கசக்குதா?"

"கசக்குது."

"ரொம்பவா?"

"இல்ல. அடியில லேசா நிக்குது."

ஒரு நாளாவது அவள் தோற்று வீட்டுக்குப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பூச்சைக் கொஞ்சம் ஏற்றிக்கொண்டு வந்தாள். அன்றும் கசக்கிறது என்றேன். முதலில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா? ஏற்றிக்கொண்டே போனாள். கடைசியில் அவள் முகம் வாடிப்போனதைப் பார்க்கச் சகிக்காமல், "இப்ப சரியா இருக்குடி," என்றேன். என்னைக் கட்டிக்கொண்டாள்.

கரைகிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. கண்ணாடிக் குடுவையில் வயிற்றுச் சூட்டில் புளிப்புத் தண்ணீர், உள்ளே சுழலும் துடுப்பு. அவள் குருணையைப் போட்டேன். கூழாங்கல் மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது, மருந்து வெளியே வரவில்லை. அங்கேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் பழைய மெல்லிய பூச்சுக்குத் திரும்புவாள், ஜெயித்துவிடுவாள். லேபில் விழுகிறவள் தூசியைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வாள் ஐயா. விழுந்தால் எல்லோரும் பார்க்கிற இடத்தில் விழ வேண்டும். முதல் நாள் செய்த மெல்லிய குருணையில் மிச்சம் இருந்தது. அதைக் குடுவையில் போட்டு, புதுக் குருணையின் கணக்கு என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளுக்குக் கை கொடுத்தார். நானும் கை தட்டினேன்.

மருந்து சோதனைக்காக ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்பே முதல் பாட்டிலை வீட்டுக்கு எடுத்துப் போனாள். என்னையும் கூப்பிட்டிருந்தாள். சிட்டு வழக்கம்போல மேசைக்கு அடியில் ஒளிந்திருந்தாள். கைராசி கெஞ்சி வெளியே கொண்டுவந்து ஒரு ஸ்பூன் கொடுத்தாள். சிட்டு ஸ்பூனை நக்கினாள்.

"பெரியம்மா, இது மிட்டாய். அம்மா ஏமாத்துறாங்க."

"மிட்டாய் இல்லடி, மருந்துதான். நாளையிலேர்ந்து அந்தக் கசப்பு கிடையாது," என்றாள் கைராசி. பிறகு என் கையைப் பிடித்தாள். "நீ இல்லன்னா இது இல்லக்கா."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருப்பேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவள் புருஷன் படம் எடுக்கப் போனை எடுத்தார். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்களேன். இவங்க ரெண்டு பேர் மட்டும்." மரியாதையாகத்தான் சொன்னார். நான் தள்ளி நின்றேன். அப்புறம் சொல்லத் தோன்றவில்லை.

அந்த வாரமே வந்தது. வலிப்பு இடம் பார்த்து வருவதில்லை. சிட்டு அப்போது பள்ளிக்கூட மாடிப்படியின் மேல்படியில் நின்றிருந்தாள். சாவு வீட்டில் கைராசியை என் மடியில்தான் சாய்த்து வைத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தது நான்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பாட்டிலில் மிச்சமிருந்த குருணையைக் கரைத்துப் பார்த்துத்தான் என்னிடம் வந்தீர்கள். குடுவையில் மாற்றிப் போட்டதை உடனே ஒப்புக்கொண்டேன். நாக்கு விஷயத்தைச் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நேற்று அவளை என் எதிரே இந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்கள். அவள் அழவில்லை. அக்கா என்றும் கூப்பிடவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

"அந்த முதல் ஸ்பூன். நெஜமாவே கசந்துச்சா?"

"கசந்துச்சுடி," என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போய்விட்டாள். நம்பிவிட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

கசக்கவில்லை ஐயா. முதல் ஸ்பூனே சரியாகத்தான் இருந்தது. அதைக் கொடுத்திருந்தால் சிட்டு இன்று பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இதை உங்களிடம் ஒப்புக்கொள்கிறேன். அவளிடம் மட்டும் நீங்கள் சொல்ல வேண்டாம். அடுத்த முறை வரும்போது பக்குவமாக நானே சொல்லிக்கொள்கிறேன். வராமல் எங்கே போவாள்? ருசி தெரியாதவள். எதுவானாலும் என்னிடம்தானே கேட்டாக வேண்டும்.