காளியாயியின் ஒரு மணி நேரம்

காளியாயி: கங்காணி, என் கையை ஏன் இப்படி வெறிக்கப் பாக்குறீங்க? ஒங்க புதுப் பொண்டாட்டி சண்முகவடிவுகிட்ட சொல்லிப்புடுவேன்!

சோலைமலை: ஐயோ, சத்தம் போடாதீங்கக்கா. துரை உத்தரவு. ஒரு மணி நேரத்துல நீங்க எத்தனை றாத்தல் தேயிலைக் கொழுந்து எடுக்குறீங்கன்னு பாக்கணுமாம்.

காளியாயி: பாத்து?

சோலைமலை: அதை எட்டால பெருக்கினா ஒரு நாள் கணக்காம். இனிமே எல்லாருக்கும் அதுதான். கொறைஞ்சா அரைப்பேரு... அரைநாள் சம்பளம்.

காளியாயி: அடப் பாவி! என் கையை வச்சா ஊருக்கே கணக்கு? கை மெதுவான பேச்சியம்மா எல்லாம் எங்க போவா?

சோலைமலை: அதான் துரை ஒங்களைக் காட்டினாரு. காட்டிப்புட்டு டென்னிஸ் ஆடப் போயிட்டாரு.

காளியாயி: அப்ப மெதுவா எடுக்குறேன்.

சோலைமலை: மெதுவாவா இது? கை பறக்குது!

காளியாயி: நான் என்ன பண்ண? முப்பது வருசமாப் பழகின கை... சொன்னா கேக்க மாட்டேங்குது. அதென்ன, கடிகாரமா?

சோலைமலை: துரையோடது.

காளியாயி: வெள்ளைக்காரங்க நாட்டைக் குடுத்துட்டுக் கடிகாரத்தை வச்சுக்கிட்டாங்களா! அது சரி, தலைகீழாப் பிடிச்சிருக்கீங்களே?

சோலைமலை: ஓ... இப்படிப் பிடிக்கக் கூடாதா?

காளியாயி: மணி பாக்கத் தெரியுமா ஒங்களுக்கு?

சோலைமலை: தெரியாம? பெரிய முள்ளு... சின்ன முள்ளு... ரெண்டும் ஓடுது. ஆமா, ஒரு மணி நேரம்னா எவ்வளவு நேரம்க்கா?

காளியாயி: அடுப்பு மூட்டி, சோறு வடிச்சு, புருசனோட ஒரு சண்டை போட்டு முடிக்கிற நேரம்.

சோலைமலை: எங்க வீட்டுல சோறு வடியவே மத்தியானமாயிரும்.

காளியாயி: சண்முகவடிவு அவ்வளவு சுறுசுறுப்பா? நாளைக்கு அவளுக்கும் கொழுந்தெடுக்கப் பேரு பதியிறாங்களாமே?

சோலைமலை: அதை விடுங்க... முடிஞ்சுதா ஒரு மணி?

காளியாயி: எங்க? இன்னும் கெடக்கு. வெத்திலை போடுங்க.

சோலைமலை: சரிக்கா, எடுங்க எடுங்க. நேரம் ஆக ஆகக் கூடை நெறையும். துரைக்கு அதுதான் சந்தோசம்.

காளியாயி: ஆமா, நெறையும்... இருங்க! என்ன சொன்னீங்க?

சோலைமலை: நான் ஒண்ணும் சொல்லலையே.

காளியாயி: முடிஞ்சுருச்சு! ஒரு மணி முடிஞ்சுருச்சு. நிறுங்க!

சோலைமலை: இப்பத்தானேக்கா இன்னும் கெடக்குன்னீங்க?

காளியாயி: பேச்சு சொகத்துல நேரம் போனது தெரியல.

சோலைமலை: வெத்திலைகூட இன்னும் செவக்கலையே?

காளியாயி: அது வெத்திலையோட கொறை.

சோலைமலை: கோயில் மாடசாமி மேல ஆணையா ஒரு மணிதானே?

காளியாயி: அவரை எதுக்கு இழுக்குறீங்க? அவருக்கு ஆயிரம் வேலை. தராசைத் தூக்குங்க!

சோலைமலை: ரெண்டு றாத்தல்.

காளியாயி: எட்டால பெருக்குங்க... பதினாறு! இப்ப இருக்கிற கணக்கேதான். பேச்சியம்மா பொழைச்சா!

சோலைமலை: ம்... நம்ம மலையிலேயே வேகமான கை. ரெண்டு றாத்தல்.

காளியாயி: என்ன கிண்டலா? வயசாயிருச்சுல்ல... கங்காணி, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. இது ஒரு மணி இல்ல. ஒங்களுக்கு மணி பாக்கத் தெரியலன்னு கண்டுக்கிட்டு ஏமாத்திப்புட்டேன். துரைகிட்ட போட்டுக் குடுத்துறாதீங்க தம்பி.

சோலைமலை: நான் ஏன்க்கா சொல்றேன்? இருவது நிமிசந்தான் ஆச்சு. அக்கரப்பத்தனை பெக்டரியில ஆறு வருசம் கடிகாரம் பாத்து மணி அடிச்சவன் நான். நீங்களா முடிஞ்சுதுன்னு சொல்லணுமேன்னுதான் கடிகாரத்தைக் கவுத்துப் பிடிச்சேன்... நாளைக்கு ஒங்க பக்கத்து நெரையிலதான் சண்முகவடிவு நிக்கப் போறா. அவ கை வேகத்தைப் பாத்திருந்தீங்கன்னா, பத்து நிமிசத்துலேயே நிறுத்தியிருப்பீங்க.