நகராத முள்

— 1978 மே 16, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். கடும் வெயில், காற்று இல்லை. எழுதிக்கொண்டேன்.

— லேபர் ஆபீஸ் விசாரணைக்கு வெயில் எதுக்கு, தேசிகன் சார்?

— படிவத்தில் அதற்கொரு கட்டம் இருக்கிறது, துளசிராமன். நான் கட்டத்தைக் காலியாக விடுவதில்லை. குப்பம்மாள், உட்காருங்கோ.

— நிக்கிறேன் ஐயா. உக்காந்தா எந்திரிக்க மாட்டேன். வேலை நேரத்துல என் ஊட்டுக்காரரு தூங்கினாருன்னு கம்பெனி எழுதிக்கீது. தப்பு அவருதுன்னு, சனிக்கிழமைக்குள்ள கம்பெனி குடுத்த லைன் ஊட்டை காலி பண்ணுன்றாங்க. மூணு புள்ளைங்களை இஸ்துக்கினு எங்க போவேன்?

— துளசிராமன், மானேஜர் நீங்கள். சொல்லுங்கோ.

— போன மாசம் எட்டாந்தேதி சார். கலியன் ஈயம் உருக்கற சட்டிகிட்டயே படுத்துத் தூங்கிட்டான். சட்டி அடி விரிஞ்சு ஈயம் மேல கொட்டி அங்கயே செத்துட்டான். முழிச்சிருந்தா ஓடியிருப்பான்.

— முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுச் சட்டி விரிவதில்லை. உறங்கியதைக் கண்டது யார்?

— ஆள் யாரும் இல்ல. இந்தா, சூட்டு மீட்டர் வரைஞ்ச தாள். ரெண்டு பத்துக்கு முந்நூத்து இருபத்தேழு டிகிரி. சட்டி விரிஞ்ச ரெண்டு அம்பதுக்கும் அதே. நாப்பது நிமிஷம் முள்ளு நகரலை. நெருப்பே போடலை சார். வேற இன்னா பண்ணிக்கினு இருந்தான்?

— அடப்பாவி! அந்த உலை வாயாண்ட ஒரு கூடை கரி அள்ளிப் போட்டுப் பாருய்யா. அப்பால பேசு.

— அம்மா, ஒருவர் பின் ஒருவராக. துளசிராமன், ரெண்டு பத்துக்குச் சட்டியில் ஈயம் எப்படி இருந்தது?

— நானே எட்டிப் பாத்தேன் சார். கட்டி கட்டியா கெடந்துச்சு.

— கொட்டியபோது?

— தண்ணி மாதிரி ஓடிச்சு.

— சட்டிக்குள் கட்டி ஏதாவது மிச்சம்?

— ஒண்ணுகூட இல்ல சார்.

— அப்படியானால் அத்தனை கட்டியையும் உருக்கியது எது? ஈயம் உருகி முடியும் வரை எவ்வளவு கரி போட்டாலும் முள் ஏறாது, துளசிராமன். போட்ட சூடெல்லாம் உருக்குவதற்கே செலவாகும். உள்ளுறை வெப்பம் என்று அதற்குப் பெயர். நெருப்பு அணைந்திருந்தால் கட்டி கட்டியாகவே கிடந்திருக்கும்.

— அது... புஸ்தகத்துல சார்.

— சட்டியிலும் அதுதான்.

— எனக்கு இதெல்லாம் வெளங்கலை ஐயா. அவரு தூங்கினாரா, இல்லியா?

— இல்லை. நாற்பது நிமிடமும் கரி போட்டுக்கொண்டே இருந்திருக்கார். எனக்கு ஐயமில்லை.

— ஊடு?

— தவறு அவருடையதல்ல. அதனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லும் உத்தரவும் செல்லாது. எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். பிடியுங்கோ.

— இன்னா எழுதிக்கீதுன்னு படிச்சிடுங்க ஐயா.

— "கலியன் உறங்கவில்லை. சட்டி விரிந்த கணம் வரை முழு விழிப்புடன் பணியில் இருந்தார்."

— பெரிய பொண்ணு எழுத்துக் கூட்டிப் படிப்பா ஐயா. "அப்பா தூங்கிக்கினே போய்ட்டாரு, அவருக்கு ஒண்ணும் தெரியலை"ன்னு சொல்லித்தான் தெனம் அவளைப் படுக்க வைக்கிறேன். இந்தக் காகிதத்தை அந்த ஊட்டுல நான் எங்க ஒளிச்சி வைப்பேன்?