பொன்னுருக்குக்கு முதல் நாள்

— படத்திலை கதாநாயகன் கட்டின மனுசியை மறந்துபோய்த் திரியேக்கை சனமெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நீங்கள் மட்டும் ஏன் பிரவீண், பேயைக் கண்ட மாதிரி இருந்தனீங்கள்?

— தலையிலை தையல் போட்டவனை உப்பிடிப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனா எப்பிடி இருப்பான் தாரிகா? அவனுக்குத் தேங்காய் விழுந்து மறந்தது, ஒரு பாட்டோடை எல்லாம் திரும்பி வந்திட்டுது. நான் மோட்டச்சைக்கிளாலை விழுந்தனான். பாட்டும் இல்லை, ஒண்டும் இல்லை.

— ஒண்டுமே வரேல்லையோ?

— போன தைப்பொங்கலுக்குப் பிறகு நடந்தது ஒண்டும் இல்லை. உம்மைச் சந்திச்சதும் அதுக்குப் பிறகுதானாம். ஐஸ்கிறீம் உருகுது, குடியும்.

— இதைத்தான் நானும் பாத்துக்கொண்டிருக்கிறன். இதுக்குக் கச்சான் கடலை போடவேண்டாம் எண்டு கடைக்காரரிட்டைச் சொன்னனீங்கள். எனக்குக் கச்சான் ஒத்துவராது எண்டு ஆர் சொன்னது?

— ஆ... உம்மடை தங்கச்சி நிரோஜா.

— அவள் எப்ப சொன்னவள்?

— ஆஸ்பத்திரிக்கு வரேக்கை. என்னப்பா இது, பொலிஸ் விசாரணையோ?

— ஓம், விசாரணைதான். நாளைக்கு உங்கடை வீட்டிலை பொன்னுருக்கு. தாலிக்குப் பொன்னை உருக்கினாப் பிறகு கலியாணம் வரைக்கும் ஆளை ஆள் பாக்கக்கூடாது. நிப்பாட்டவும் ஏலாது. கேக்கிறதெண்டா இண்டைக்குத்தான் கேக்கவேணும். உண்மையிலை மறந்தனீங்களோ, நடிக்கிறியளோ?

— நடிச்சு எனக்கென்ன லாபம், சொல்லும் பாப்பம்?

— அதுதான் எனக்கும் விளங்கேல்லை. சரி, ஒண்டு சொல்லுறன், ஏதும் வருதோ பாருங்கோ. இணுவில் கோயில் கேணியடியிலைதான் நீங்கள் என்னைக் கட்டக் கேட்டது. கேட்ட வெக்கத்திலை கால் வழுக்கிக் கேணிக்குள்ளை விழுந்து, ஈர வேட்டியோடை பஸ் ஏறி...

— உது பச்சைப் பொய்! நான் எங்கை கேணிக்குள்ளை விழுந்தனான்?

— மறந்துபோனவருக்கு விழேல்லை எண்டு எப்பிடித் தெரியும்?

— எனக்கு... எனக்கு ஒருநாளும் கால் வழுக்கிறேல்லை.

— அதுதான் மோட்டச்சைக்கிளோடை மதிலிலை ஏறினனீங்கள்.

— சரியப்பா. இப்ப நான் ஒண்டு கேக்கட்டோ? நிச்சயதார்த்தப் படத்திலை உம்மடை விரல்லை நான் போட்ட மோதிரம் கிடக்கு. இப்ப வெறும் விரல். மோதிரம் எங்கை?

— அது... நகை செய்யிற பத்தரிட்டை. கொஞ்சம் லூசு, இறுக்கித் தரச்சொல்லிக் குடுத்தது.

— எப்ப குடுத்தனீர்?

— நீங்கள் விழ முதல். ஏன் கேக்கிறியள்?

— சும்மாதான். நாளைக்குப் பொன்னுருக்க அவர்தானே எங்கடை வீட்டை வாறார். கையோடை கொண்டுவரச் சொல்லுவம்.

— வேண்டாம்! நானே போய் வாங்குவன்.

— ஐஸ்கிறீமும் குடிச்சுக்கொண்டு உமக்கேன் இப்பிடி வேர்க்குது?

— கதையை மாத்தாதேங்கோ. விழுந்த அண்டு பின்னேரம் எங்கை போய் வந்தனீங்கள்? அதெண்டாலும் ஞாபகம் இருக்கோ?

— பாத்தீரோ, வந்திட்டீர். கச்சான், கேணி எண்டு சுத்திச் சுத்தி வந்தது உதைக் கேக்கத்தான்.

— இருக்கோ, இல்லையோ?

— இருந்தா?

— இருந்தா... நாளைக்குப் பத்தரை வரவேண்டாம் எண்டு சொல்லிப்போடுவியள்.

— கையை நீட்டும்.

— ஏன்?

— நீட்டுமன். இந்தா, உம்மடை மோதிரம். என்ரை அம்மாவையும் தேனிலவுக்குக் கூட்டிக்கொண்டு போவம் எண்டு நான் சொன்னதுக்கு, "எனக்கு இந்தக் கலியாணமே வேண்டாம்" எண்டு அச்சுவேலிச் சந்தியிலை வைச்சுக் கழட்டித் தந்தனீர். விழேக்கை என்ரை சேட்டுப் பொக்கற்றுக்குள்ளைதான் கிடந்தது.

— அப்ப எல்லாம் ஞாபகம் இருக்கு! பிறகேன் மறந்த மாதிரி இவ்வளவு நாளும்...?

— ஆஸ்பத்திரியிலை கண் முழிக்க, நீர் பக்கத்திலை இருந்து அழுது அழுது, "நான்தான் நீங்கள் கட்டப்போற பொம்பிளை" எண்டு நேர்சம்மாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தீர். ஞாபகம் இருக்கெண்டு நான் சொன்னா, நீர் எழும்பிப் போயிருப்பீர்.