வரிசையில் இரண்டாவது பெயர்

எங்கள் கம்பெனி கேண்டீனில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல் உண்டு. நான் தொடுவதில்லை. நாலு நாள் ஐஸில் கிடந்த மீன், ஏரிக்கரையில் கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன் வாய்க்கு ஒத்துவராது. மற்றபடி வேலையில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. கம்ப்யூட்டர் சிப்பைத் தயாரிக்க அனுப்புமுன் அதன் வரைபடத்தில் தப்புத் தேடுவது என் வேலை. பொறுமைசாலி என்று மேனேஜர் சொல்வார்.

சுபாஷைப் பற்றிக் கேட்டீர்கள். சொல்கிறேன்.

அவனும் நானும் ஒரே குப்பம், ஒரே காலேஜ், ஒரே வருஷம் இன்ஜினியரிங் முடித்தவர்கள். புதிதாகப் படித்து வந்தவர்களில் ஒருவரை எடுக்கப்போவதாகக் கம்பெனி அறிவித்தது. இருவரும் போனோம். பொன்னேரி பஸ்ஸில் நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கையே அவனிடம் இன்டர்வியூவில் கேட்டார்கள். என்னிடம் வேறு எதையோ கேட்டார்கள். அவன் பெயர் முதலில் வந்தது, என் பெயர் இரண்டாவது. அவர் சேராவிட்டால் உங்களை அழைப்போம் என்று எனக்கு மெயில் வந்தது.

"எல்லாம் உன்னாலதான்டா இளவழகா," என்று கட்டிப்பிடித்தான். வயிறு எரிந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்.

எங்கள் ஏரியில் ஒரு வழக்கம் இருக்கிறது. மீன் கூடும் இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, யார் என்றைக்கு வலை விடலாம் என்று முறை வைப்போம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு உள்ளவன் அன்றைக்கு வராவிட்டால் அடுத்தவன் வலை விடலாம். யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நைனாவோடு ஏரிக்குப் போய் வளர்ந்த எனக்குத் தெரிந்த நியாயம் அதுதான்.

திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். ஞாயிறு காலை எங்கள் படகில் வந்து ஏறிக்கொண்டான். "நாளைலேர்ந்து ஷூ மாட்டணும்டா. இன்னிக்கு ஒருவாட்டி வந்துட்றேன்," என்றான். படகில் நாங்கள் இருவர் மட்டும். நடு ஏரியில் யாரோ விட்டெறிந்த கிழிந்த வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. மார்பளவு தண்ணீர். அவனே கத்தியோடு இறங்கிக் குனிந்து அறுத்தான். வலை முக்கால்வாசி வந்துவிட்டது. தலையை மட்டும் வெளியே நீட்டி, "இர்ரா, கை உள்ள கீது," என்றான்.

எனக்கு நன்றாகக் கேட்டது. இன்ஜின் கயிற்றை இழுத்தேன்.

பிறகு இன்ஜினை நிறுத்தி, அவனைப் படகில் ஏற்றினேன். என் தோளில் துண்டு இருந்தது. ரத்தம் கொட்டிய கையில் அதைக் கட்டவில்லை. இன்ஜினை மறுபடி போடாமல் கழி ஊன்றியே கரைக்கு வந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. பாதி வழி வரை பேசிக்கொண்டு வந்தான். அம்மாவைக் கூப்பிட்டான், பிறகு என்னை.

குப்பமே விபத்து என்றது. அவன் அம்மா பச்சையம்மா என் தலையைத் தடவி, "நீ இன்னாடா பண்ணுவ, அழுவாத," என்றார். அழுதது நிஜம். அன்று மாலையே கம்பெனிக்கு மெயில் போட்டேன். யாராவது தெரிவிக்க வேண்டுமே. புதன்கிழமை என்னை அழைத்தார்கள்.

போன மாதம் அவன் தங்கை நந்தினி வந்தாள். அவளும் அதே படிப்பை முடித்திருக்கிறாள். கம்பெனியில் மறுபடி ஒருவரை எடுக்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம்.

"அண்ணா, பாடு உள்ளவன் செத்துட்டா அது அவன் வூட்டுக்குத்தான வரும், அடுத்தவனுக்குப் போவாதுல்ல," என்றாள். "எங்கண்ணன் எடத்துலதான் நீ கீற. எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அப்படியும் ஒரு விதி உண்டுதான். நான் இல்லையென்று சொல்லவில்லை.

"அது ஏரி வழக்கம்மா. கம்பெனிக்கும் அதுக்கும் இன்னா சம்பந்தம்?" என்றேன்.

படித்த பெண். சொன்னதும் புரிந்துகொண்டாள்.